கண்ணீர் அஞ்சலிக்குப் பின்னால் ஓர் எண்

ராயபுரம்
ஜூலை 14

அன்புள்ள எபினேசர்,

“பந்தாட்டம் காட்டுனதுக்கு உள்ள போட்ருவாங்களாக்கா?” என்று ரயில் ஏறும் முன் ஒரு சீட்டில் எழுதி அத்தாவுல்லாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. இருபத்து நான்கு வருடமாகக் கல்லூரியில் நிகழ்தகவு நடத்துகிறேன். இதற்கு ஓர் எண் சொல்ல என்னால் முடியவில்லை.

நலமா என்று கேட்பது வழக்கம். இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன். சர்க்கரை மாத்திரை உன் மேசையிலேயே இருப்பதாக ஜூடி சொன்னாள். சவரிநாதன் மாமாவிடம் சொல்லி அங்கேயே வாங்கிக்கொள். ஜூடியும் குழந்தையும் அவள் அம்மா வீட்டில் இருக்கிறார்கள். நீ இல்லாமல் அந்த வீட்டில் இருக்க அவளுக்குப் பயம்.

உலகக் கோப்பைக் காலிறுதி அன்று காலை நடந்ததை, அறையில் இருந்த அத்தாவுல்லா சொன்னபடி எழுதுகிறேன். நீ இட்லி வாங்கப் போயிருந்தாய். உன் கேபிள் டிவி கன்ட்ரோல் ரூமுக்கு நான்கு பேர் வந்தார்கள். இரண்டு பேர் போலீஸ். மற்ற இருவரும் ஒளிபரப்பு உரிமையை வாங்கிய கம்பெனியின் ஆட்கள். ஆட்டம் பாதியில் நிற்க, தெருவில் பத்து வீட்டுக் கதவாவது திறந்து “இன்னா ஆச்சு எபி?” என்று சத்தம் கேட்டது. எனக்கும் கேட்டது. கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு அறைக்குச் சீல் வைத்தார்கள். உன் பெயரைக் கேட்டார்கள். வேறு யார் பெயரையும் கேட்கவில்லை.

என் வீட்டு ஜன்னலிலிருந்து மொட்டைமாடி வழியாக உன் அறைக்குப் போன கறுப்பு ஒயரை அன்று மாலையே அத்தாவுல்லா வெட்டிச் சுருட்டி எடுத்துப்போய்விட்டான். நீ படம் எடுத்த செட்-டாப் பெட்டி என் டிவிக்கு அடியில்தான் இருக்கிறது. மே மாதம் நீ அந்த ஒயரை இழுத்தபோது எதற்கு என்று நான் கேட்கவில்லை. பால்காரர் ஐந்து ரூபாய் ஏற்றினால்கூடக் காரணம் கேட்கிறவள் நான். அன்றைக்குக் கேட்கவில்லை.

நீ சொன்னபடியே போனில் பேசமாட்டேன். உன் பதில் என் முகவரிக்கு வேண்டாம். வண்ணாரப்பேட்டையில் அத்தாவுல்லாவின் ரிப்பேர் கடைக்கு எழுது.

அக்கா மகிமா


சாத்தான்குளம்
ஜூலை 21

அன்பு அக்காவுக்கு,

தம்பி எழுதுறது. நான் நல்லாகீறேன். நீ நல்லா இருக்கியா? கால் வலி எப்படி கீது? மாத்திரை வாங்கிட்டேன். மாமா அவர் ஹார்டுவேர் கடையிலயே என்னை உக்கார வச்சிருக்காரு. ஆணி நிறுத்துப் போடுறேன். ராத்திரி தூக்கம் வரல. வாசல்ல பைக் நின்னாலே எழுந்து பின்பக்கம் போயிடுறேன். அத்தை பாத்துட்டு “மாப்ள, அது பால் வண்டி”ன்றாங்க.

ஃபைனல் அன்னிக்கு இங்க கோயில் ஹால்ல பெரிய திரையில போட்டாங்க. மாமா பையன் அஜின் கூப்டான். போய் வெளியவே நின்னேன். உள்ள எல்லாரும் கத்துறாங்க. எனக்கு ஆட்டமே தெரியலக்கா. திரையில எங்கனா நம்பர் மின்னுதான்னு மட்டும் பாத்துகினு இருந்தேன்.

அந்த நம்பர் உனக்குச் சொல்லிருக்கேன்ல? ஆட்டம் ஓடும்போது அப்பப்ப ஒரு நம்பர் வந்துட்டுப் போகும். எந்தப் பெட்டியில இருந்து படம் எடுக்கிறோம்ன்றது அதுல தெரிஞ்சிடும். அது எப்பவும் கீழ வலது மூலையிலதான் வருது. அதனாலதான் அந்த மூலையில நம்ம தெரு ஆவுடையம்மாளோட கண்ணீர் அஞ்சலி படத்த போட்டு வச்சேன். முப்பதாம் நாள் வரைக்கும் போட அவங்க வூட்ல சொல்லிருந்தாங்க. எனக்கும் அது தோதா இருந்துச்சு. அதனால பெட்டி யாருதுன்னு எவனுக்கும் தெரியாது. உனக்கு ஒண்ணும் வராது. நீ பயப்படாத. பெட்டிய டிவியில மாட்டி சும்மா சீரியல் பாரு.

தப்புதான்க்கா. மே மாசம் வரைக்கும் ஆட்டத்த யாரு காட்டப் போறாங்கன்னே தெரியாம இருந்துச்சு. கடைசில ஒருத்தன் வாங்கி தனி கட்டணம்னான். நம்ம தெருவுல கப்பல்ல சரக்கு ஏத்துறவன் அத்தினி காசுக்கு எங்க போவான்? நான் இல்லன்னு சொல்லிருக்கலாம். எங்கிட்ட கனெக்சன் எடுத்த எல்லாரும் போனுக்கு மாறிட்டாங்க. இந்த ஒரு மாசமாச்சும் என் பேர சொல்லிக் கூப்புடுவாங்கன்னு ஆச.

குழந்தைய போய்ப் பாரு.

தம்பி எபி


ராயபுரம்
ஜூலை 28

அன்புள்ள எபினேசர்,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. இங்கு நலம். கால் வலி குறைந்திருக்கிறது. மாமாவுக்கும் அத்தைக்கும் என் அன்பைச் சொல்.

குழந்தையைப் பார்த்தேன். பல் முளைக்கிறது. கல்லூரியில் முதல் பருவம் தொடங்கிவிட்டது. மணலிப் பக்கமிருந்து வரும் வாடை இரண்டு நாளாக அதிகம். ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. வங்கியிலிருந்துதான். கையெழுத்துப் போடும்போது தபால்காரர், “இன்னாம்மா, பேனாவ தலைகீழா புடிச்சிருக்க? காப்பி சாப்டலியா?” என்றார். இன்னும் இல்லை என்றேன்.

சீரியல் பார்க்கவில்லை. பெட்டியின் மீது ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


சாத்தான்குளம்
ஆகஸ்ட் 5

அன்பு அக்காவுக்கு,

நலம். மாமாவுக்கு மட்டும் இருமல்.

யோசிச்சு யோசிச்சு ஒண்ணு கண்டுபுடிச்சேன். காட்டிக் கொடுத்தது சீனியம்மா பையன்தான். ஆவுடையம்மாளோட பேரன். அந்த அஞ்சலி படத்துக்கு அவன்கிட்ட காசு கேட்டதுல அவனுக்குக் கோவம். அவன்தான் கம்பெனிக்கு போன் போட்ருக்கணும். அவன ஒரு வார்த்த கேக்கச் சொல்லி அத்தாவுல்லாவுக்கும் எழுதப் போறேன்.

அக்கா, ஒண்ணு கேக்குறேன். நான் வரணுமா? இங்கியே எத்தினி நாள் ஆணி நிறுக்குறது? ஜூடி ரெண்டு வரிதான் எழுதுறா. நீ வான்னு சொன்னா வரேன். வராதன்னா இங்கியே இருக்கேன். இருவது வயசுலயும் நீ சொல்லித்தான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். உள்ள இருக்கும்போது ஒண்ணே ஒண்ணுதான் நெனச்சுகினேன். அக்கா வாசல்ல நிக்குது, நாம வெளிய வர வரைக்கும் போகாதுன்னு. ஜூடிகிட்டகூட நூறு தடவ சொல்லிருக்கேன். அந்த தைரியம் இப்பவும் வேணும்க்கா.

வரவா, வேணாமா? எழுது.

தம்பி எபி


ராயபுரம்
ஆகஸ்ட் 13

அன்புள்ள எபினேசர்,

மாமாவின் இருமலுக்கு டாக்டரைப் பார்க்கச் சொல். இங்கு எல்லோரும் சுகம்.

சீனியம்மாவின் மகன் யாருக்கும் போன் செய்யவில்லை. அவனை யாரும் எதுவும் கேட்க வேண்டாம். எப்படித் தெரியும் என்று கேட்காதே. எனக்குத் தெரியும்.

நீ வர வேண்டுமா என்ற கேள்விக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. வா என்றும் சொல்லமாட்டேன், வராதே என்றும் சொல்லமாட்டேன். கோபத்தில் எழுதுவதாக நினைக்காதே. வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்தேன். மூன்று வருடம் வரை தண்டனை உண்டு என்றார். ஆனால் இப்படிப்பட்ட வழக்கில் பெரும்பாலும் கூப்பிட்டு விசாரித்து அனுப்பிவிடுவார்கள் என்றும் சொன்னார். பெரும்பாலும் என்றால் நூற்றுக்கு எத்தனை என்று கேட்டேன். சிரித்தார்.

அக்கா


வண்ணாரப்பேட்டை
ஆகஸ்ட் 17

மாமு எபி,

சலாம். நான் அத்தாவுல்லா. நான் சொல்லச் சொல்ல எம்பொண்ணு ஆஃபியா எழுதுது. ஒடம்பு எப்டி கீது? இங்க எங்கம்மா காத்தூன் பீவி டெய்லி உன்ன கேட்டுகினே கீறாங்க. “அந்த கிறிஸ்துவப் புள்ள எங்கடா, ஈத் பிரியாணிக்கு வராம போய்டுமா?”ன்னு. இன்னா சொல்றதுன்னே தெர்ல.

மாமு, நீ சீனியம்மா பையன மொறைக்காத. தப்பு என்னுது.

காலிறுதிக்கு மிந்தின வாரம் ஒரு நாள் காலீல நீ இட்லிக்குப் போனல்ல? அப்ப சீனியம்மா தலைவிரி கோலமா ரூமுக்கு வந்துச்சு. “டேய், எங்கம்மா மூஞ்சி மேல அவனுங்க பூட்ஸ் காலோட ஓடிகினு கீறானுங்க. பந்து வேற நெத்தியிலயே வந்து மோதுது. செத்தும் நிம்மதி இல்லியா அதுக்கு? மூலக்கொத்தளத்துல பொதைச்சு பதினஞ்சு நாள்தாண்டா ஆவுது”ன்னு ஒரே அழுகாச்சி. எனக்கு மனசு கேக்கல மாமு. செத்தவங்க மேல காலு படலாமா? படத்த தூக்கி மேல வானத்துப் பக்கம் வச்சிட்டேன். அது கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போச்சு. நீ வரதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சு பூட்ச்சி. படத்த திரும்ப கீழ வச்சிட்டேன். உங்கிட்ட சொல்லல. அந்த கேப்புலதான் நம்பர் வந்துகீது. கம்பெனிக்காரன் டீக்கடை டிவிய போன்ல படம் புடிச்சுகீறான்.

இப்ப மெயின் மேட்டர். பெட்டி அக்கா பேர்ல கீது. அக்கா ஆதார் குடுத்து வாங்கினது. போன மாசமே கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அக்காவுக்குத்தான் வந்துச்சு. இப்ப ஸ்டேஷன்ல இருந்து இன்னொரு நோட்டீஸ். செப்டம்பர் 9, காலீல பத்து மணிக்கு அக்கா நேர்ல போணும். நீ வந்து, ஒயர் இழுத்தது நான், அக்காவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னா அக்கா பேரு சாட்சிக்குப் போய்டும். நீ வராட்டி அக்காதான் மொத குற்றவாளி. கேஸுல பேரு வந்தா காலேஜ்ல சஸ்பெண்டு. வக்கீலு சொன்னத நான் என் ரெண்டு காதால கேட்டேன்.

நாந்தான் இழுத்தேன்னு நானே சொல்றேன்னேன். அக்கா உடல. “இன்னொரு பொய் வேண்டாம் அத்தாவுல்லா”ன்னுச்சு. உங்கிட்ட சொல்லவும் கூடாதுன்னு சத்தியம் வாங்கிச்சு. நான் சொல்லிட்டேன். அல்லா மன்னிக்கட்டும். அக்கா மன்னிக்காது.

(அத்தா அழுவுறாரு மாமா. மிச்சத்த நானே எழுதுறேன். மகிமா பெரியம்மா இப்பல்லாம் மாடிப்படியில யாராச்சும் வந்தா லைட்ட ஆஃப் பண்ணிட்டு, வீட்ல ஆள் இல்லாத மாதிரி உக்காந்துக்குறாங்க. நான் போய்க் கதவு தட்டினாலும் ரெண்டு நிமிஷம் கழிச்சுதான் தொறக்குறாங்க. ஆஃபியா.)

தோஸ்து
அத்தாவுல்லா


சாத்தான்குளம்
ஆகஸ்ட் 24

அக்கா,

வங்கித் தபால்னு எழுதின.

ஏன் சொல்லல? சொல்லிருந்தா வந்திருப்பேன்னா, வரமாட்டேன்னா? எதுக்கு பயந்து சொல்லாம வச்ச?

ரெண்டு தடவ டிக்கெட் எடுத்தேன். மொத தடவ திருச்செந்தூர் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். பிளாட்பாரத்துல ஒரு ரயில்வே போலீஸ் டீ குடிச்சுகினு இருந்தாரு. நல்ல மனுசனாத்தான் தெரிஞ்சாரு. வந்த பஸ்லயே திரும்பிட்டேன். ரெண்டாவது தடவ வூட்டு வாசலையே தாண்டல. காதுக்குள்ள அன்னிக்கு விழுந்த அறையோட சத்தம் கேக்குது. கேக்காத காதுலதான்க்கா கேக்குது.

நான் மனுசனே இல்ல.

எபி


ராயபுரம்
ஆகஸ்ட் 31

அன்புள்ள எபினேசர்,

நீ நலமாக இல்லை என்று தெரிகிறது. நானும் இல்லை. அதை மட்டும் இந்தக் கடிதத்தில் மறைக்கப் போவதில்லை.

எதற்குப் பயந்து சொல்லவில்லை என்று கேட்டாய். சொல்வதும் வா என்று கூப்பிடுவதும் ஒன்றுதான். அப்படி ஒரு முறை கூப்பிட்டிருக்கிறேன். அப்போது உனக்கு இருபது வயது. ஐவர் கால்பந்து ஆட்டத்தில் சண்டை வந்து பஸ் கண்ணாடி உடைந்தது. உடைத்தது நீ இல்லை. எம்.கே.பி. நகரில் சிநேகிதன் வீட்டில் ஒளிந்திருந்த உன்னை நான்தான் வந்து ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனேன். “விசாரணைதான்டா. ஒண்ணும் பண்ணமாட்டாங்க. சட்டம்னு ஒண்ணு இருக்கு” என்றேன். அப்பா வேண்டாம் என்றார். படித்தவள் நான், எனக்குத் தெரியும் என்றேன். மறுநாள் நீ வெளியே வந்தபோது உன் இடது காது கேட்காமல் போயிருந்தது.

இது உனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்று இருக்கிறது. நான் வாசலில் நிற்கவில்லை. நீ உள்ளே போனதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொரு மணிக்குக் கல்லூரியில் நேர்முகத் தேர்வு. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், திரும்பி வந்துவிடலாம் என்று போனேன். அது மூன்று மணி வரை இழுத்தது. திரும்பி வந்தபோது உள்ளே விடவில்லை. நாளைக்கு வா என்றார்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். தூங்கியும்விட்டேன். காலையில் நீ வெளியே வந்தபோது நான் நின்றிருந்தேன், அவ்வளவுதான். இரவெல்லாம் நின்றதாக நீயே நினைத்துக்கொண்டாய். நான் திருத்தவில்லை. நீ ஜூடியிடம் சொன்ன ஒவ்வொரு முறையும் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அன்று கிடைத்த வேலைதான் இது. இப்போது அது போகும் என்கிறார்கள். அது போகக் கூடாது என்றுதான் நினைக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் அதைக் காப்பாற்ற இரண்டாவது முறையாக உன்னை அந்த வாசலுக்கு அனுப்ப மாட்டேன்.

ஒன்பதாம் தேதி நானே போகிறேன். நடந்ததைச் சொல்வேன். ஒயரைப் பார்த்தேன், கேட்கவில்லை என்பதையும் சொல்வேன். நீ எங்கே இருக்கிறாய் என்பதை மட்டும் சொல்லமாட்டேன்.

மாத்திரையை விடாதே.

அக்கா


ராயபுரம்
செப்டம்பர் 8, மாலை

அன்புள்ள எபினேசர்,

போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. அத்தாவுல்லாவின் கடைக்கு நான்கு முறை போனேன். நான்காவது முறை அவன், “அக்கா, தபால்காரனே என்ன பாத்தா ஓடுறான்” என்றான். நீ என்மீது கோபமாக இருக்கலாம். இருந்தால் நியாயம்தான்.

நாளைக்குக் கல்லூரியில் விடுப்பு சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்றேன். பெட்டியை ஒரு துணிப்பையில் வைத்திருக்கிறேன். நோட்டீஸ், ஆதார் நகல், கண்ணாடி, ஒரு பாட்டில் தண்ணீர். மாற்றுப் புடவை ஒன்றையும் வைத்தேன். பிறகு அதை எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன். இப்போது பையில்தான் இருக்கிறது.

நீ வரமாட்டாய் என்றே கணக்கு வைத்திருக்கிறேன். பத்துக்கு எட்டு. அதனால் உன் மதிப்பு என்னிடம் குறையப் போவதில்லை. இதைக் காலையில் போகும் வழியில் அஞ்சலில் போடுகிறேன்.

ஆவுடையம்மாளின் படம் மேலே போனது நல்லதுதான், செத்தவர் முகத்தில் கால் படவில்லை. அத்தாவுல்லாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ ஒருநாள் சொல்.

அக்கா

செப்டம்பர் 9

அஞ்சலில் போடவில்லை. ஆனாலும் இன்று நடந்ததை இதிலேயே எழுதி வைக்கிறேன். போன முறை நடந்ததை இருபத்து நான்கு வருடம் நாம் இருவரும் வேறு வேறாக வைத்திருந்தோம். இந்த முறை அப்படி வேண்டாம்.

காலை ஒன்பது நாற்பதுக்கு ஆட்டோவிலிருந்து இறங்கினேன். ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரமாக நீ நின்றுகொண்டிருந்தாய். முகம் வெளுத்திருந்தது. சட்டையில் மாமா கடையின் துரு.

“ஒரு மணி நேரமா நிக்கிறேன்க்கா. ரோட்ட கிராஸ் பண்ண முடியல. லாரி வந்துகினே கீது.”

கன்டெய்னர் லாரிகள் வந்துகொண்டுதான் இருந்தன. நடுநடுவே நிறைய இடைவெளியும் இருந்தது.

“என் கடுதாசி கெடச்சுதா?” என்று கேட்டேன்.

“கெடச்சுது.” சட்டையில் இருந்த துருவைத் தட்டிவிட்டாய். பிறகு, “உள்ள போட்ருவாங்களாக்கா?” என்றாய்.

“தெரியல எபி. நானும் உள்ள வரேன்.”

கேட்கும் காதுப் பக்கமாக, உன் வலது கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். உன் கை ஈரமாக இருந்தது. என்னுடையதும்தான்.

இரண்டு மணி வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். யார் எழுந்தாலும், யார் கதவைத் திறந்தாலும் நீ திரும்பிப் பார்த்தாய். பிறகு கூப்பிட்டார்கள். விசாரித்தது ஒரு பெண் எஸ்.ஐ.; முப்பது வயதுகூட இருக்காது. தாழ்ந்த குரலில் கேட்டார். உனக்குப் பாதி கேட்கவில்லை. நான் ஒவ்வொன்றையும் உன் வலது பக்கமிருந்து திரும்பச் சொன்னேன்.

“நீங்க ஏம்மா சொன்னதையே சொல்றீங்க?”

“தம்பிக்கு இடது காது கேக்காது.”

அவர் எழுதுவதை நிறுத்தினார். “எப்படி ஆச்சு?”

நான் உன்னைப் பார்த்தேன். சுவரில் மின்விசிறியின் நிழல் சுற்றிக்கொண்டிருந்தது.

“ஃபுட்பால்ல மேடம்” என்றாய்.

அவர் தலையாட்டிவிட்டு, அதன் பிறகு சத்தமாகக் கேட்டார்.

ஒயர் இழுத்தது நீ என்று எழுதிக்கொண்டார்கள். ஒயரைப் பார்த்தும் கேட்கவில்லை என்று நான் சொன்னதையும் எழுதிக்கொண்டார்கள். வழக்கு உன் பெயரில். நான் சாட்சி. கல்லூரிக்குக் கடிதம் போகுமா என்று கேட்டேன். இப்போதைக்கு இல்லை என்றார். பெட்டியை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அத்தாவுல்லா ஜாமீன் கையெழுத்துப் போட்டான். அக்டோபர் 14 கோர்ட்டுக்கு வர வேண்டும். அங்கே என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

மாலை நான்கு இருபதுக்கு இருவரும் வெளியே வந்தோம். பத்து மணியிலிருந்து அதுவரை நான் உன் பக்கத்திலேயே இருந்தேன். யாரும் உன்னைத் தொடவில்லை.